பிரதம அதிதி வரும் வரை

முன் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உறை, உறைக்குப் பின்னால் சிவப்பு ரிப்பன் முடிச்சு. உட்கார ஆளில்லை. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நனைந்த குடைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலுக்கிடையில் வைத்திருந்தோம். என் சேலைக் கரையில் ஈரம் ஏறி, முழங்கால் வரைக்கும் குளிர் வந்துவிட்டது.

"அக்கா, மணி என்னங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா.

"இப்பத்தானேடி கேட்ட. மூணாகப் போகுது."

"ரெண்டுக்குத் தொடங்குவோம்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. பிரதம அதிதி வரலியாம்."

மேடையில் கீபோட்காரர் ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசிப்பார், பாதியில் நிறுத்துவார். டிரம்ஸ்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் தம்பிராஜ் அடிக்கொருதரம் மைக்கைப் பிடித்து, "இன்னும் சொற்ப வேளையில் எமது பிரதம அதிதி அவர்கள் வருகை தர இருக்கிறார்கள்" என்பான். 'சொற்ப வேளை' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் ஒரு கங்காணி வீட்டுக் கலியாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் போன் பண்ணி ஏசினார்கள். இந்த வாரம் எத்தனை பேரோ. ஏசட்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஸ்டெல்லாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அக்கா. அந்தப் பேப்பரு நம்ம தோட்டத்துக்கு வடையச் சுத்தித்தானே வரும்" என்றாள்.

இது நடந்தது, டீசலுக்கு வரிசையில் நின்ற வருசத்துக்கு அடுத்த வருசமோ, அதற்கும் அடுத்ததோ, சரியாக நினைவில்லை. பஸ்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தன. ஜனங்களுக்கு எங்கேயாவது போய் உட்கார்ந்து எதையாவது கேட்க வேண்டும்போல் இருந்த காலம் அது.

ஒரே ஒரு தடவை

எங்கள் தோட்டம் லிந்துலைக்கு மேலே இருக்கிறது. நான் அங்கே பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கடதாசியில் என் பதவிக்கு நீளமான பேர் இருக்கிறது. தோட்டத்துக்கு நான் ஆயம்மாதான். ஸ்டெல்லா மட்டும் அக்கா என்பாள். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீட்டில், இரண்டு காம்பரா தள்ளி இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மகளும் என் தொட்டிலில்தான் கிடந்தாள்.

அவள் குரலைப் பற்றி நான் என்ன எழுதினாலும் கெட்டுப்போகும். மலையில் மேல் வரிசையில் நின்று அவள் பாடினால், கீழே ரோட்டில் கொழுந்து லொறிக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்பான். கங்காணி, "பாட்டு போதும்மா, கூடைய நெரப்பு" என்று சத்தம் போடுவார். போட்டுவிட்டு அவரும் அங்கேயே நிற்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் போகிறவள் இல்லை, நான் மாரியம்மன் ஆள். ஆனாலும் அவள் பாடுகிற நேரம் பார்த்து அந்த வேதக்கோயில் வேலியோரம் விறகு பொறுக்கப் போயிருக்கிறேன்.

ஒரு டிசம்பரில், நத்தார் பண்டிகைக் காலத்தில், தம்பிராஜ் எங்கள் தோட்டத்துக்கு வந்தான். தலவாக்கலையில் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறவன், அறிவிப்பாளனும் அவனே. சின்ன வயதுதான், வாய் மட்டும் பெரிது. ஸ்டெல்லா பாடியதைக் கேட்டுவிட்டு அசந்துபோனான்.

"அக்கா, நீங்க எங்க மேடையில பாடணும். எங்க நிகழ்ச்சியில 'நம்ம மலையின் குரல்'னு ஒரு பகுதி இருக்கு. அது ஒங்களுக்குத்தான்."

ஸ்டெல்லாவின் புருசன் அந்தோணி முடியாது என்றான். அந்தோணியைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை பெக்டரியில் வேலை. குடிப்பான், ஆனால் சண்டைக்கு வரமாட்டான். பொஞ்சாதி மேல் கை வைத்ததில்லை. அவனுக்கு லயத்து வாய்க்குப் பயம், அவ்வளவுதான்.

"இன்னைக்கு மேடையில பாடும்பானுங்க. நாளைக்கு டவுனுக்கு வா, பயிற்சின்னு கூப்பிடுவானுங்க. ஊர்ல இருக்கிறவன் வாய மூட நம்மகிட்ட மூடியா இருக்கு, ஆயம்மா?" என்று என்னிடமே கேட்டான்.

தவக்காலம் முழுக்க அவள் கெஞ்சினாள். சண்டை போடவில்லை, அழவில்லை. சோறு போட்டு வைக்கும்போது ஒரு தரம், படுக்கும்போது ஒரு தரம் கேட்பாள். உயிர்த்த ஞாயிறு அன்று, கறியும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்ட மயக்கத்தில் அவன் இறங்கி வந்தான்.

"போ. ஒரு தடவ. ஒரே ஒரு தடவதான். அப்புறம் மேட, மைக்குன்னு என் காதுல விழக்கூடாது."

"விழாதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்த நாள் வரைக்கும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள். ஒரு பழைய சினிமாப் பாட்டு. மலையில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், என் பிள்ளைக் காம்பரா வாசலில். என்னிடம் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் அந்தப் பாட்டுக்குத் தூங்கப் பழகிவிட்டன.

எங்கள் லயத்துப் பொம்பளைகள் ஒரு டசின் பேர் அவள் பாடுவதைக் கேட்கவே கிளம்பினோம். எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு பொன்னாடையும் வாங்கினோம். மேடையில் ஏறினவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் விட்டால் அது எங்களுக்கு நிகழ்ச்சியே இல்லை. கடையில் மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. ஊதாதான் இருந்தது, ஓரத்தில் வெள்ளிச் சரிகை. "ஊதான்னா என்ன, நம்ம புள்ளைக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டோம்.

மாடி ஹோல்

அந்த ஹோலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தலவாக்கலையில் ஹாஜியார் ஒருவரின் சாமான் கடைக்கு மேல் மாடி. கீழே ஆணி, பெயின்ட், கூரைத் தகரம். மேலே கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கட்சிக் கூட்டம், பாட்டுக் கச்சேரி. மரப்படியில் ஏறும்போதே பெயின்ட் வாடை மூக்கில் ஏறும். மேடைக்கு நேர் எதிரே பெரிய ஜன்னல். அதில் பார்த்தால் பஸ்கள் நிற்கிற இடம் தெரியும்.

எத்தனையோ கச்சேரிக்கு அங்கே போயிருக்கிறேன். டவுன்காரர்களுக்குக் கச்சேரி என்றால் பாட்டு. எங்களுக்கு முதலில் பஸ், அப்புறம் மழை, அப்புறம் கக்கூஸ், இடையில் கிடைத்தால் பாட்டு.

கூரை தகரம். மழை பிடித்தால் பாடுகிறவன் வாய் அசைவதுதான் தெரியும். அப்போது இசைக்குழு வாத்தியத்தைக் கீழே வைத்துவிடும். நாங்கள் வடைப் பொட்டலத்தைப் பிரிப்போம். மழை விட்டதும் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரு தரம் ஒரு காதல் பாட்டின் முதல் சரணத்துக்கும் இரண்டாவது சரணத்துக்கும் இடையில் இசைக்குழுக்காரர்கள் பிளேன்டீயே குடித்து முடித்தார்கள். ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

கக்கூஸ் ஒன்றே ஒன்று. சாவி கீழே கடையில் இருக்கும். ஆம்பளைகள் நிறைந்த கடைக்குள் போய், "சாவி குடுங்க" என்று எந்தப் பொம்பளை கேட்பாள்? கச்சேரிக்குப் போகிற அன்று எங்களில் யாரும் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இசை ரசிப்பதற்கு இந்தப் பயிற்சி வேண்டும் என்று யாராவது புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா, தெரியாது.

இன்னொன்று, பேர் வாசிக்கிறது. விரும்பிக் கேட்டவர்களின் பேரும் தோட்டத்தின் பேரும் பாட்டுக்கு முன்னால் மைக்கில் வரும். தங்கள் பேர் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருவதே. பேர் வந்ததும் பாட்டைக் கேட்காமல் எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் சிரித்ததில்லை. மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவும் கங்காணியும் பேர் கூப்பிட்டால் அது வேலைக்கு. பாட்டுக்காக ஒருத்தன் நம் பேரைச் சொல்வது வேறு விசயம்தானே.

துரையின் நாற்காலி

வெள்ளை உறை போட்ட அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது என் அப்பா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்பாவின் இளவட்டக் காலத்தில் மாசி மாதம் பெரட்டுக் களத்தில் காமன் கூத்து நடக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற அதே களம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து பார்ப்பது வழக்கம். பங்களாவிலிருந்து அவருக்கு நாற்காலி வரும். அவர் வராமல் கூத்தைத் தொடங்கக் கூடாது. ஒரு வருசம் அவர் எங்கேயோ விருந்துக்குப் போய்விட்டார். ரதி வேசம் கட்டினவன் முகத்தில் அரிதாரம் காய்ந்து வெடித்துப்போய் நின்றானாம். சனம் பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம்.

"அவரு வந்தாராப்பா?" என்று கேட்டேன்.

"வந்தாரு. அஞ்சு நிமிசம் இருந்தாரு. போயிட்டாரு. அப்புறம் நாங்க ஆடுனோம். ஆனா யாருக்கும் ஆட்டம் வரல" என்றார்.

அந்தத் துரைமார் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. நாற்காலியை யாரும் எடுத்து வைக்கவில்லை. இப்போது அதில் நம்ம ஆட்கள் உட்காருகிறார்கள். துரைக்காவது நம் பாசை சரியாக வராது, அதனால் பேச மாட்டார். இவர்கள் பேசுகிறார்கள்.

ஆனை வந்தது

மூன்றரை தாண்டிக் கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று வாகனங்கள். படியில் தடதடவென்று கால் சத்தம். தம்பிராஜ் மைக்கில், "அனைவரும் எழுந்து நின்று கரகோசம் எழுப்பி வரவேற்குமாறு" என்று கத்தினான். எழுந்தோம். தட்டினோம்.

பிரதம அதிதி தனியாக வரவில்லை. விசேட அதிதிகள், கௌரவ அதிதிகள், அவர்களோடு வந்தவர்கள், அவர்களின் சாரதிகள். முன் வரிசை போதவில்லை. தம்பிராஜின் ஆட்கள் எங்களிடம் வந்தார்கள்.

"கொஞ்சம் பின்னால போங்கம்மா. தயவுசெஞ்சு."

"பின்னால எங்கப்பா போறது? செவுருதான் இருக்கு."

"நின்னுக்கோங்கம்மா. கொஞ்ச நேரந்தானே."

ஸ்டெல்லாவும் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ ஏண்டி எழும்புற? நீ பாடப்போற ஆளு." அவள், "பரவால்லக்கா, எல்லாரும் நிக்கும்போது நான் மட்டும் எப்புடி" என்று சுவரோரம் வந்து நின்றாள். மேடையில் பாட இருந்தவள் பெயின்ட் வாடைக்குள் முதுகைச் சாய்த்து நின்றாள். நாங்கள் நாளெல்லாம் நின்று வேலை செய்து பழகின சனம். நிற்கச் சொன்னால் நிற்போம், அதுதான் எங்கள் கேடு.

மங்கள விளக்கேற்றினார்கள். ஐந்து திரிக்கு ஒன்பது பேரைக் கூப்பிட்டான். ஜன்னல் காற்றில் ஒரு திரி அணைந்து அணைந்து போனது. கௌரவ அதிதி ஒருவர் அதைக் கொளுத்தியே தீருவேன் என்று நின்றார். வரவேற்பு நடனம். வரவேற்புரை. அதற்குப் பிறகு பிரதம அதிதி பேசினார்.

மலையக மக்களின் கலை உலகமெல்லாம் கேட்க வேண்டும் என்றார். நம் பெண்களின் குரல் ஒடுக்கப்பட்டிருக்கிறது, அதை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. ஐயா, நீங்கள் உட்கார்ந்தால் அந்தக் குரல் வரும், உட்காருங்கள். மனசுக்குள்தான் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் ஐந்தரைக்கு. அதை விட்டால் ஒன்றும் இல்லை.

ஊதாப் பொன்னாடை

பேச்சு முடிந்ததும் கௌரவிப்பு. மஞ்சள் பொன்னாடைகளை ஒரு தாம்பாளத்தில் அடுக்கி எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுப் போர்த்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தட்டினோம். தட்டுவது பழக்கம். மேடையில் ஒருவருக்குத் துணி போர்த்தினால் கை தானாக எழும்பும்.

எங்கள் பொன்னாடையை வந்தவுடனேயே தம்பிராஜிடம் கொடுத்திருந்தோம். "ஸ்டெல்லா பாடி முடிச்சதும் நாங்க வந்து போத்துறோம், நீ மைக்கில சொல்லிரு தம்பி" என்று நான்தான் சொன்னேன். "ஆகட்டும் அக்கா" என்று வாங்கி மேசையில் வைத்தான்.

பிரதம அதிதியின் செயலாளர் என்று ஒருவரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நாங்கள் தட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளில் துணி விரிந்தது. ஊதா. ஓரத்தில் வெள்ளிச் சரிகை.

என் பக்கத்தில் நின்றவள், "அடிப்பாவி, அது நம்மளுதுடி" என்றாள். ஒருத்தி கை தட்டுவதை நிறுத்தினாள். இன்னொருத்தி நிறுத்தாமல் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஸ்டெல்லாவுக்கு அப்படி ஒரு பொன்னாடை வாங்கியிருப்பதே தெரியாது, அவளுக்குத் தெரியாமல்தான் வாங்கினோம். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சனத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் போனேன்.

"தம்பிராஜ், என்னடா செஞ்ச? அது யாருக்கு வாங்குனது?"

அவனுக்கு முகமெல்லாம் வேர்வை. "அக்கா, சத்தம் போடாதீங்க. ஒன்னு கொறஞ்சிருச்சு. அவரு மொகத்தப் பாத்தீங்களா? போத்தலன்னா கோவிச்சிக்கிட்டுப் போயிருவாரு. அடுத்த நிகழ்ச்சிக்கு அவருகிட்டத்தான் கேக்கணும். ஸ்டெல்லா அக்காவுக்கு நான் வேற வாங்கித் தாரேன்."

"பொன்னாட கெடக்குது. அவள எப்பப் பாடவிடுவ? எங்களுக்குப் பஸ்ஸு இருக்குடா."

"அடுத்தது அவங்கதான் அக்கா. அம்மா மேல சத்தியமா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. அந்தோணி கொடுத்துவிட்டான். இவன் இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்ததும் அவள் இல்லை. பிரதம அதிதிக்குப் பிடித்த பாட்டு என்று கொழும்பிலிருந்து வந்த பாடகர் இரண்டு பாட்டுப் பாடினார். நல்லாத்தான் பாடினார், பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போதே பிரதம அதிதி எழுந்துவிட்டார். அவருக்கு ஹட்டனில் இன்னொரு விழா.

"பஸ் வந்திருச்சு"

அதிதி எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். எழுந்தோம். அவரை வழியனுப்பத் தம்பிராஜின் ஆட்கள் எல்லோரும் படியில் இறங்கினார்கள். கீழே அவரோடு போட்டோ எடுக்க இசைக்குழுவையும் கூப்பிட்டார்கள். கீபோட்காரர் போனார், டிரம்ஸ்காரர் போனார். மேடையில் வாத்தியங்கள் மட்டும் இருந்தன. சனம் குடையைத் தேடத் தொடங்கியது. தூரத்துத் தோட்டத்துக்காரர்கள் ஏற்கெனவே வாசலில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தம்பிராஜ் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ஸ்டெல்லா அக்கா, வாங்க வாங்க. இப்பப் பாடிருங்க. மியூசிக் இல்லாமச் சும்மா பாடுங்க. ரெண்டு வரி போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான், "போடி, பாடு, நாங்க இருக்கோம்" என்றேன். சேலையைச் சரிசெய்துகொண்டு மேடையில் ஏறினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அவளுக்கு முன்னால் மெத்தை நாற்காலிகள் மறுபடி காலி. அதற்குப் பின்னால் சனத்தின் முதுகு. எங்கள் டசின் பேர் மட்டும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றோம். அதிலும் பாதிப் பேர் அடிக்கடி திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள், அதை மறைக்க முடியாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு எங்கள் தலைகளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பஸ் நிற்கிற இடம் நன்றாகத் தெரியும்.

"லிந்துல பஸ்ஸுக்குப் போறவங்க கெளம்புங்க" என்றாள் மைக்கில். "பஸ் வந்திருச்சு."

அவ்வளவுதான். அந்த ஹோலின் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது அந்த ஒரு தடவை. என்ன குரல் அது! வாசலில் நெருக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் சொன்னபடியே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

தம்பிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னக்கா நீங்க" என்றான். அவள் மைக்கை மெதுவாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். "ஓடுங்கக்கா, எடம் கெடைக்காது" என்று என்னைத் தள்ளினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். எங்களில் ஒருத்தி, "இப்பப் பாடேண்டி, நாங்க கேக்குறோம்" என்றாள். ஸ்டெல்லா, "தொண்ட கட்டிருச்சு" என்றாள். பாடாமலே கட்டிக்கொண்ட தொண்டை.

இஸ்தோப்பில்

லயத்துக்கு ஏறி வரும்போது பொழுது மங்கியிருந்தது. அந்தோணி இஸ்தோப்பில், காம்பராவுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்குத் தலை வாரி ரிப்பன் கட்டியிருந்தான், கோணலாக. உள்ளே சோறு வெந்த வாசனை வந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் எல்லாம் பகல் முழுக்க, "எம் பொஞ்சாதி இன்னைக்கு மேடையில பாடுது" என்று அவனே சொல்லியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்களைக் கண்டதும் எழுந்தான். "பாடுனியா?"

நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம்.

"பாடுனேங்க" என்றாள் ஸ்டெல்லா.

"கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க. ரொம்ப நேரம் தட்டுனாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தோணி, அங்க..." என்று வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு நெருக்கு நெருக்கினாள். "அக்கா, நீங்க போங்க. காலையில இருந்து தண்ணிகூடக் குடிக்கல நீங்க" என்றாள்.

அந்தோணி சிரித்தான். "சரி. ஒரு தடவன்னு கேட்ட, பாடிட்ட. முடிஞ்சிச்சு. இனி கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேங்க."

மறுநாள் காலையில் பிள்ளையை விட வந்தபோது அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடி? பாடவிடலன்னு சொல்லியிருந்தா அந்த ஒரு தடவ இன்னும் மிச்சம் இருந்திருக்குமே. அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிருக்கலாமே. பயமா அவனுக்கு?"

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள்.

"அவருக்கு ஏன்க்கா பயப்படணும்? உள்ளதச் சொன்னா, அடுத்த தடவ போய்ப் பாடுன்னு சொல்லுவாரு. கட்டாயம் சொல்லுவாரு. அதுக்குத்தான் சொல்லல. இன்னொரு தடவ அந்தச் செவுத்துல சாஞ்சி நிக்க எனக்குத் தெம்பில்லக்கா."

மலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து மலையிலும் அவள் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை. கோயிலில் பாடுகிறாள். அங்கே முன் வரிசை யாருக்கும் பிடித்து வைப்பதில்லை.

போன மாதம் தம்பிராஜ் என் போனுக்கு எடுத்தான். புது நிகழ்ச்சியாம். இந்த முறை முதல் பாட்டே ஸ்டெல்லா அக்காதானாம், அதிதி வந்தாலும் வராவிட்டாலும் சரியாக இரண்டு மணிக்குத் தொடங்குவானாம். ஸ்டெல்லா பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த நேரம். போனை அவளிடம் கொடுத்தேன். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"இல்லீங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு விட மாட்டாரு" என்றாள். போனை என்னிடம் தந்துவிட்டுப் பிள்ளையின் செருப்பைத் தேட உள்ளே போனாள்.

வாசலில் அந்தோணி நின்றுகொண்டிருந்தான். பெக்டரி வேலை முடிந்து நேரே வந்திருக்கிறான். எப்போது வந்தான் என்று நான் கவனிக்கவில்லை. முகம் விழுந்துபோயிருந்தது.

"ஆயம்மா, நான் எப்ப விடமாட்டேன்னு சொன்னேன்? ஒரு தடவன்னு அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னது. அது திரும்பக் கேட்டா நான் போகச் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லியே." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீங்க அன்னைக்குக் கூட இருந்தீங்கதானே? உள்ளதச் சொல்லுங்க. அது நல்லாப் பாடலியா?"

உள்ளே ஸ்டெல்லா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நல்லாத்தான் பாடுனா, அந்தோணி" என்றேன்.